வாடகை வீட்டுச் சமையலறை: அலமாரிகளைக் கடைசியில் பாருங்கள்

வெளிநாட்டில் புதிதாகக் குடியேறியவர்கள் பலர், வாடகை வீட்டின் சமையலறையை எப்படிச் சீராக்குவது என்று முதல் வாரத்திலேயே கேட்கிறார்கள். கேட்கும்போதே டப்பாக்களும் அடுக்குத் தட்டுகளும் வாங்கத் தொடங்கியும் விடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வாங்கியவற்றில் பாதி, அந்த வீட்டு அலமாரிகளின் ஆழத்துக்கும் என் சமையல் பழக்கத்துக்கும் பொருந்தாமல் போயின. அதன்பின் வேறு வேறு வீடுகளில் சமைத்தபோது எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: மின்சாரம், காற்று, ஈரம் ஆகிய மூன்றும் அந்த வீட்டில் எப்படி இருக்கின்றன என்று தெரிவதற்கு முன் எதையும் நிலையாக அடுக்கி வைக்கக் கூடாது.

சாவியைப் பெற்ற அன்றே, ஒரு பாத்திரத்தைக்கூட உள்ளே வைப்பதற்கு முன், எல்லா அலமாரிகளையும் திறந்து படம் எடுத்துவிடுங்கள். மேடையில் உள்ள கீறல், அடுப்புக் கண்ணாடியின் விரிசல், தொட்டிக்கு அடியில் ஊறிப்போன பலகை ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்து, உரிமையாளருக்கு எழுத்து மூலம் அனுப்பி வையுங்கள். முன்பணம் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் இந்த அரை மணி நேர வேலையைப் பொறுத்தது.

அடுத்தது மின்சாரம். பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியையோ கெட்டிலையோ செருகுவதற்கு முன், அதன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். சில நாடுகளில் வீட்டு மின்சாரம் 220 முதல் 240 வோல்ட் வரையிலும், வேறு சில நாடுகளில் 100 முதல் 127 வோல்ட் வரையிலும் இருக்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் அடாப்டர் செருகியின் வடிவத்தைத்தான் மாற்றுமே தவிர, வோல்ட்டை மாற்றாது. 110 வோல்ட்டுக்கான சாதனத்தை 230 வோல்ட்டில் இணைத்தால் அது கருகிவிடக்கூடும். மாறாக, 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட சூடேற்றும் சாதனத்தை 115 வோல்ட்டில் இணைத்தால் அதன் திறன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இடையில் இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கருவி வோல்ட்டைச் சரிசெய்தாலும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து 60 ஹெர்ட்ஸ் ஆக்காது என்பதால், சில மோட்டார்கள் வேகம் மாறி ஓடும். மேலும், பெரிய சாதனத்தைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, மேடையில் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே வோல்ட் வேறுபடும் நாட்டுக்குச் செல்பவர்கள், சூடேற்றும் சாதனங்களைச் சுமந்து செல்லாமல் அங்கேயே வாங்கிக்கொள்வதே நல்லது என்பேன்.

எந்தெந்த பிளக் பாயிண்டுகள் ஒரே பிரேக்கரில் (சுமை மிகுந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இணைந்திருக்கின்றன என்பதையும் ஒருநாள் மாலை உட்கார்ந்து கண்டுபிடித்துவிடுங்கள். 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு ஒன்றின் எல்லை 1,800 வாட் மட்டுமே. மைக்ரோவேவும் கெட்டிலும் அதில் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். எது எங்கே நிற்க வேண்டும் என்பதில் பாதியை இந்தச் சோதனையே முடிவு செய்துவிடுகிறது. அதிக வாட் இழுக்கும் சாதனங்களை எக்ஸ்டென்ஷன் கம்பியில் இணைக்காதீர்கள்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் மிகவும் தடுமாறுவது இதில்தான். அடுப்பின் மேல் சிம்னி இருப்பதைக் கண்டதும் புகை வெளியே போய்விடும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் பல வீடுகளில் அது குழாய் வழியாக வெளியே தள்ளும் வகையாக இல்லாமல், காற்றைக் கரி வடிகட்டியில் செலுத்தி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகையாக இருக்கிறது. இந்த வகை வாசனையை ஓரளவு குறைக்குமே தவிர, நீராவியை வெளியேற்றாது. கரி வடிகட்டியும் சில மாதங்களில் மாற்ற வேண்டியதாகிவிடும். மேல் அலமாரியைத் திறந்து, குழாய் கூரைக்கோ வெளிச்சுவருக்கோ போகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். எந்த வகையானாலும், அடுப்பை ஏற்றுவதற்குச் சற்று முன்பே சிம்னியை ஓடவிட்டு, சமைத்து முடித்த பிறகும் பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். அதிகம் புகையும் வேலையைப் பின்பக்க அடுப்பில் வைத்துக்கொண்டால், சிம்னி அதைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் பிடிக்கும் உலோக வலையை மாதம் ஒருமுறையாவது சுடுநீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

புகை எச்சரிக்கை மணி அடிக்கிறது என்பதற்காக அதன் பேட்டரியைக் கழற்றுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சமையலறைக் கதவை மூடி, சன்னலைத் திறந்து சமைத்தும் மணி அடித்துக்கொண்டே இருந்தால், அதன் இடத்தையோ வகையையோ மாற்றித் தரும்படி உரிமையாளரிடம் கேளுங்கள். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். அந்த மூடி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

குளிர் நாடுகளில், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிகளின் பின்புறம் குளிர்ந்து, அறையின் நீராவி அங்கே படிந்து பூஞ்சை பிடிக்கிறது. என் முதல் குளிர்காலத்தில் அத்தகைய அலமாரி ஒன்றில் அடைத்து வைத்த மாவுப் பைகள் அனைத்தையும் எறிய நேர்ந்தது. அங்கே கண்ணாடி, எஃகுப் பாத்திரங்களை வைத்து, சுவருக்கும் அவற்றுக்கும் இடையே சிறிது இடைவெளி விடுங்கள். தொட்டிக்கு அடியிலும் உலர்பொருள்கள் வேண்டாம். தானியங்களில் வண்டு வரும் என்ற அச்சம் இருந்தால், வாங்கியவுடன் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்தெடுத்து, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடலாம்.

இண்டக்ஷன் அடுப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்; நன்றாக ஒட்டிக்கொண்டால் அது வேலை செய்யும். வெறும் அலுமினியமும் செம்பும் வேலை செய்யா, எஃகிலும் எல்லா வகையும் ஒட்டாது. அடி தட்டையாக இருப்பதும் முக்கியம்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அடுக்குவது. இன்று பல நாடுகளில் காணும் பொருத்தப்பட்ட சமையலறைக்கு முன்னோடியாகக் கருதப்படுவது, மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1926இல் வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் சமையலறை. ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே கொண்ட அந்த அறையில், சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்பதைக் கணக்கில் கொண்டே ஒவ்வொரு பொருளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. நமக்கும் அதுவே அளவுகோலாக இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் பொருள்களைத் தற்காலிகமாக வைத்துச் சமைத்துக்கொண்டே, எதை எடுக்க எத்தனை முறை நடக்கிறோம், எதற்காகக் குனிகிறோம் என்று கவனியுங்கள். அடுப்பருகே அடுப்பு வேலைக்கானவை, தொட்டியருகே கழுவி நறுக்கும் வேலைக்கானவை, இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அன்றாடம் எடுப்பவை என்று அவை தாமாகவே பிரியும். வாசனைப் பொருள்களை மட்டும் அடுப்பின் மேலே வைக்காதீர்கள். வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அவற்றின் மணம் விரைவில் போய்விடும். இழுப்பறையில் வைத்து மூடியின் மேல் பெயர் எழுதினால் ஒரே பார்வையில் தெரியும்.

குளிர்பதனப் பெட்டி 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் கதவுப் பகுதிதான் அதிகம் சூடாகும் இடம் என்பதால் பாலை உள்தட்டில் வையுங்கள். பச்சை இறைச்சி, மீன் ஆகியவை கீழ்த்தட்டில் மூடிய பாத்திரத்தில் இருந்தால் அவற்றின் நீர் மற்றவற்றில் சொட்டாது.

கூடுதல் இடம் தேவைப்பட்டால், சுவரில் துளையிடுவதற்கு முன் அனுமதி வாங்குங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள். தரையில் தானாக நிற்கும் குறுகிய அலமாரியும், இரு பக்கமும் அழுத்தி நிற்கும் கம்பியும் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். ஒட்டும் கொக்கிகள் வழவழப்பான ஓடுகளில் நிற்கும். வண்ணம் பூசிய சுவரில் ஒட்டினால் கழற்றும்போது வண்ணமும் உரிந்து வரக்கூடும். கழற்றிய தட்டுகள், கைப்பிடிகள், திருகுகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் போட்டு, எது எந்த அலமாரிக்குரியது என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டி, வீட்டைக் காலி செய்யும் நாள்வரை பத்திரமாக வைத்திருங்கள்.