ஆஸ்மாஸ்கோப்பில் மட்டம் ஏறாமல் இறங்கிவிட்டது, என்ன தப்பு?

சுண்ணக்கட்டி:

வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தாவரவியல் பாடம் நடத்துகிறேன், டீச்சராக எனக்கு இது முதல் வருஷம். நேற்று செய்முறை வகுப்பில், செல் சவ்வு வழியாகத் தண்ணீர் போவதைக் காட்டும் உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப் வைத்தேன். எல்லோரும் செய்கிற மாதிரிதான், தோல் சீவி, அடியைத் தட்டையாக வெட்டி, நடுவில் குழி தோண்டி, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, மட்டத்தில் குண்டூசி குத்தி, தண்ணீர்த் தட்டில் வைத்தோம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேகவைத்த கிழங்கு ஒன்று. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் வேகவைத்ததில் மட்டம் அப்படியே இருக்கிறது, அது சரி. பச்சைக் கிழங்கில் ஏற வேண்டியது இறங்கிக் கிடக்கிறது! ஊசிக்குக் கீழே நன்றாகவே இடைவெளி தெரிகிறது. போன வருஷ அண்ணன்களின் நோட்டைப் பார்த்து "மட்டம் உயர்ந்தது" என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தவர்கள் வேறு சிரிக்கிறார்கள்.

இதற்கு நடுவில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "மிஸ், வேகவைச்சா செல்லைச் சுத்தி இருக்கிற சவ்வு செத்துப்போகும்னு சொன்னீங்க. சவ்வே இல்லேன்னா தடுக்கவே ஆள் இல்லையே, அப்போ தண்ணி இன்னும் வேகமாத்தானே உள்ளே ஏறணும்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்து யாராவது உதவுங்கள்.

மல்லிப்பந்தல்:

வேகவைத்தால் கிழங்கில் இருக்கும் மாவு கஞ்சி மாதிரி குழைந்து ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும், அதனால் தண்ணீர் போக வழி இல்லை, அவ்வளவுதான். இறங்கியதற்குக் காரணம் கிழங்கில் எங்கோ கீறல். வேறு கிழங்கு வாங்குங்கள்.

பழையபிஜி:

டீச்சர், கிழங்கைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன், சர்க்கரை எவ்வளவு போட்டீர்கள்?

சுண்ணக்கட்டி:

எடை போடவில்லை சார். 200 மி.லி. பீக்கர் தண்ணீருக்கு ரெண்டு டீஸ்பூன். இனிப்பாகத்தான் இருந்தது.

பழையபிஜி:

அதுதான் விஷயம். ரெண்டு டீஸ்பூன் என்றால் 10 கிராம்கூட வராது, ஆக உங்கள் கரைசல் 5 சதவீதத்துக்கும் கீழே. பச்சை உருளைக்கிழங்கின் செல் சாறு பெரும்பாலும் 8 முதல் 10 சதவீதச் சர்க்கரைக் கரைசலுக்குச் சமமாக இருக்கும், கிழங்குக்குக் கிழங்கு கொஞ்சம் மாறும். நீங்கள் குழியில் ஊற்றியது கிழங்கைவிட நீர்த்த கரைசல். அப்புறம் கிழங்கு ஏன் உங்களுக்குத் தண்ணீர் தரப் போகிறது, அது உங்களிடமிருந்து உறிஞ்சிக்கொண்டது. மட்டம் இறங்கியது தப்பே இல்லை, சவ்வூடு பரவல் (நீர்த்த பக்கத்திலிருந்து செறிவான பக்கத்துக்குச் சவ்வு வழியாகத் தண்ணீர் போவது) ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. மறுநாள் வரை விட்டிருந்தால் கிழங்கு தட்டிலிருந்தும் குடித்து விறைத்துப்போய், அதற்குப் பிறகு மட்டம் லேசாக ஏறக்கூட வாய்ப்பு உண்டு, ஆனால் ஒரு பாடவேளைக்குள் அதெல்லாம் நடக்காது. 20 கிராம் சர்க்கரையைக் கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள், அது ஏறக்குறைய 0.58 மோலார். குழியின் அடி ஒரு சென்டிமீட்டரைவிட மெலிசாக இருக்கட்டும், ஆனால் ஓட்டை விழக்கூடாது.

பிள்ளைகள் நம்பவில்லை என்றால் அதே கிழங்கிலிருந்து ரெண்டு நீளத் துண்டு வெட்டி, ஒன்றை உங்கள் பழைய கரைசலிலும் இன்னொன்றை 20 சதவீதத்திலும் அரை மணி நேரம் போடுங்கள். முதல் துண்டை வளைத்தால் படக்கென்று ஒடியும், ரெண்டாவது வெயிலில் போட்ட முருங்கைக்காய் மாதிரி துவண்டு வளையும். விறைப்பழுத்தத்தை, அதாவது தண்ணீர் குடித்த செல் உள்ளிருந்து சுவரைத் தள்ளும் அழுத்தத்தை, கையால் தொட்டுப் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி, அவனை முதல் பெஞ்சுக்குக் கொண்டு வாருங்கள். அவன் சொன்னதில் பாதி சரி, செத்த சவ்வு தண்ணீரைத் தடுக்காது. ஆனால் சர்க்கரையையும் தடுக்காது. மட்டம் ஏற வேண்டுமென்றால் சர்க்கரை உள்ளேயே மாட்டிக்கொண்டு தண்ணீர் மட்டும் போய்வர வேண்டும். தண்ணீர் கடக்கிற அந்தச் சவ்வில் அதற்கென்றே அக்குவாபோரின் என்று புரத வழிகள் உண்டு, அதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். சர்க்கரைக்கு அப்படித் திறந்த கதவு இல்லை. வேகவைத்ததில் ரெண்டுக்கும் கதவு திறந்தாயிற்று, சர்க்கரை மெல்ல வெளியே கசிகிறது, தண்ணீரை உள்ளே இழுத்து மட்டத்தை ஏற்ற ஆள் இல்லை. அங்கே நடப்பது வெறும் பரவல்தான்.

மல்லிப்பந்தல், கோபப்பட வேண்டாம், மாவு குழைவது உண்மைதான். ஆனால் அடைத்துக்கொள்கிறது என்றால் வெளியே எதுவும் வரக்கூடாதே? பீட்ரூட்டை வெட்டி, வெட்டுச்சாறு போகக் கழுவி, ஒரு வில்லையைப் பச்சைத் தண்ணீரிலும் ஒன்றை 70 டிகிரி வெந்நீரிலும் போட்டுப் பாருங்கள். வெந்நீர் சிவந்துவிடும், பச்சைத் தண்ணீர் அப்படியே இருக்கும். சூட்டில் சவ்வு கெட்டால் பூட்டு திறக்கிறதே தவிர அடைபடுவதில்லை.

வடமராட்சிப்பிள்ளை:

நாங்கள் இலங்கையில், ஊரில் இதைப் பிரசாரணம் என்றுதான் படித்தோம், சவ்வூடு பரவல் என்ற உங்கள் சொல்லை முதலில் பார்த்தபோது வேறு ஏதோ என்று நினைத்தேன். உயர்தரத்தில் (உங்கள் பிளஸ் டூ மாதிரி) எங்களுக்குக் கிழங்கைவிட ரியோ இலைதான் பெரிய பாடு. இலையின் அடிப்பக்க ஊதாத் தோலை உரித்து, வேறு வேறு செறிவுச் சுக்குரோசுக் கரைசல்களில் இட்டு, நுணுக்குக்காட்டியில் (மைக்ராஸ்கோப்) எத்தனை கலங்களில் (நீங்கள் செல் என்பது) ஊதா சுருங்கி மூலைக்குப் போயிருக்கிறது என்று எண்ண வேண்டும். பாதிக் கலங்கள் சுருங்கியிருக்கும் செறிவு எதுவோ அதுதான் கலச்சாற்றுக்குச் சமம் என்று எடுப்போம். டீச்சர், ரியோ எல்லா இடத்திலும் அழகுக்கு வளர்க்கும் செடிதானே, கிடைத்தால் அதையும் காட்டுங்கள். சுருங்கிய கலத்துக்கு ஒரு துளி தண்ணீர் விட்டால் ஊதா திரும்பப் பரந்து சுவரைத் தொடும், அதைப் பார்த்த பிறகு யாரும் பழைய கொப்பியைப் பார்த்து எழுதமாட்டார்கள் (எழுதுவார்கள், ஆனால் கொஞ்சம் வெட்கப்பட்டு).

சுண்ணக்கட்டி:

எல்லோருக்கும் நன்றி. இந்தமுறை தராசில் நிறுத்து 20 சதவீதம் போட்டேன், ரெண்டு குழிக்கும் மேலே கண்ணாடித் தகடு மூடினேன். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பச்சைக் கிழங்கில் ஊசி மூழ்கிவிட்டது. கரைசலில் கொஞ்சம் சிவப்பு மை கலந்திருந்ததால் ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் வேகவைத்த கிழங்கின் தட்டில் தண்ணீர் இளஞ்சிவப்பாகிக் கிடந்தது, மற்றதில் நிறமே இல்லை.

இன்னொன்றும் நடந்தது சார். அந்த இளஞ்சிவப்புத் தட்டின் விளிம்பு முழுக்க எறும்பு, பக்கத்துத் தட்டில் ஒன்றுகூட இல்லை. நான் பார்ப்பதற்கு முன்பே நம்ம கடைசி பெஞ்ச் ஆள் பார்த்துவிட்டான். "மிஸ், சர்க்கரை வெளியே வந்திருச்சுன்னு எறும்பு எழுதிக் குடுத்திருச்சு, நான் அதையே ரெக்கார்டுல போட்டுக்கட்டுமா?" என்கிறான். போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன், மதிப்பெண் போடுகிறவர் என்ன சொல்வாரோ தெரியவில்லை.