புதுப்பிப்பு: மழைக்காலத்தில் மினிமலிஸ்ட் பிரிண்ட், ஒரு திருத்தம்

லிமிடெட் எடிஷன் பிரிண்டை (குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்ட படத்தை) ஃபிரேம் போடும்போது நான்கு ஓரமும் ஒட்டலாம் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அது தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றின் ஈரத்தில் பருத்திக் காகிதம் விரியும். நாலு பக்கமும் கட்டிப்போட்டால் விரிய இடமின்றி நடுவில் அலை அலையாக உப்பும். நிறைய உருவங்கள் உள்ள படத்தில் அது மறைந்துபோகும். ஒரு கறுப்புச் சதுரமும் வெள்ளை வெளியும் மட்டுமே உள்ள மினிமலிஸ்ட் படத்தில் ஒவ்வொரு மேடும் நிழல் போடும்.

மேல் விளிம்பின் பின்பக்கம் மட்டும் இரண்டு ஜப்பானியக் காகிதக் கீல்கள் (தாளைத் தொங்கவிடும் சிறு பட்டைகள்), கோதுமை ஸ்டார்ச் பசை, பின்னால் அமிலமற்ற மவுண்ட் போர்டு அட்டை. போதும். செலோ டேப் மஞ்சள் கறை விடும், தயவுசெய்து தொடாதீர்கள். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இல்லையென்றால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். ஓரத்தைக் கத்தரிக்கவும் விடாதீர்கள். வெற்றிடமும் படத்தின் பகுதிதான்.

‘பிரிண்டில் 12/30 என்று எழுதியிருந்தால் பன்னிரண்டாவதாக அச்சானதா?’ என்று கேட்டிருந்தீர்கள். அவசியமில்லை. மொத்தம் 30 படிகள், இதன் எண் 12, அவ்வளவே. ‘ஏ.பி.’ (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று குறித்தவை ஓவியருக்கான படிகள், அந்த முப்பதில் சேராதவை. இந்தியாவில் பிறந்த அச்சோவியர் ஜரீனா ஹாஷ்மி 1999-இல் வெளியிட்ட, 36 மரச்செதுக்கு அச்சுகள் கொண்ட தொகுப்புக்கு மொத்தம் 25 படிகள்தான். அப்படிப்பட்ட தொகுப்பிலிருந்து ஒற்றைத் தாள் தனியாக வந்தால், மற்றவை எங்கே என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.