ஜோபர்க்கில் முள் 29-ஐத் தொடாது

லெனேசியா மாமா:
நேத்து டர்பன்காரர் ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்கார்: "கார் ஏசியில கூலிங் காயில் மாத்தி வேக்கம் போட்டா (பம்பால உள்காத்தை உறிஞ்சினா) கேஜ் முள் 29 அங்குலம் (பாதரச அளவு) தொடணும். தொடலைன்னா கசிவு, டேஷ்போர்டை மறுபடி இறக்கு." இதை நம்பி எங்க மேட்டு ஊர்ல எவனாவது நல்ல காயிலை ரெண்டாவது தடவை கழட்டப் போறான். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல சுமார் 1,750 மீட்டர். இங்க காத்தழுத்தமே 83 கிலோபாஸ்கல் பக்கம்தான். முழு வேக்கத்துலயும் முள் 24, 24.5-ல நின்னுடும். அதுக்கு மேல இழுக்க காத்து ஏது?

டர்பன் காத்து:
கேஜ்ல 30 வரைக்கும் கோடு போட்டிருக்கானே, அழகுக்கா? நான் சொன்னது 29.

லெனேசியா மாமா:
அந்தக் கோடு கடற்கரைக்கு. முள் எங்க நிக்குதுங்கிறது இல்ல, நிக்குதாங்கிறதுதான் கேள்வி. பம்பை 45 நிமிஷம் ஓட்டுங்க. முதல்ல கேஜ் வால்வை மூடணும், அப்புறம்தான் பம்பை நிறுத்தணும். மாத்திச் செஞ்சா பம்ப் எண்ணெய் உள்ள போயிடும். நடுவுல கரண்ட் போனாலும் அதே கதிதான். அரை மணி பாருங்க. முள் கொஞ்சம் நகர்ந்து நின்னா உள்ள ஈரம். நகர்ந்துக்கிட்டே போனா கசிவு.

பீனிக்ஸ் ஸ்பேனர்:
ரெண்டு அண்ணனும் முள்ளைப் புடிச்சே தொங்குறீங்க. வேக்கம் எவ்வளவு போட்டாலும் அழுத்த வித்தியாசம் 1 பார்தான், பொடிக் கசிவு அதுல தெரியாது. உலர்ந்த நைட்ரஜன் 10 பார் ஏத்தி, சோப்பு நுரை வச்சுப் பாத்துட்டு டேஷ்போர்டை மாட்டுங்க. கம்ப்ரசர் எண்ணெய் தடவாம ஓரிங்கை (இணைப்புல வர்ற ரப்பர் வளையம்) முறுக்கினா அங்கேயே கிழியும். ஈரம் உறிஞ்சுற டிரையர் புதுசு போடணும், பேச்சே இல்ல.

டர்பன் காத்து:
பேட்டரி நெகட்டிவைக் கழட்டி 10 நிமிஷம் காத்திருக்கச் சொல்ல மறந்துட்டீங்களே நிபுணரே. ஏர்பேக் மூஞ்சில வெடிச்சா நைட்ரஜனா காப்பாத்தும்?

பீனிக்ஸ் ஸ்பேனர்:
போன மாசம் டிரையரே வேண்டாம்னு எழுதினவர் நீங்கதானே?

டர்பன் காத்து:
அது வேற பேச்சு. உப்புக் காத்துல வேலை பாக்கிற எங்களுக்கு மேட்டு ஊர்க்காரங்க பாடம் எடுக்க வேண்டாம். 29.

லெனேசியா மாமா:
பாடம் இன்னும் பாக்கி இருக்கு. ஏசி கேஸ் ஏத்தும்போதும் இதே வம்புதான். வெளிக்காத்து அழுத்தம் குறைவுங்கிறதால, ஒரே வெப்பத்துல எங்க கேஜ் டர்பனைவிட சுமார் 2.5 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பாத்து "நிறைஞ்சிடுச்சு"ன்னு நிறுத்தினா கேஸ் குறையும். பானெட் ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு போட்டிருக்கோ, அதைத் தராசுல எடை போட்டு ஏத்துங்க. கம்ப்ரசர் எண்ணெயும் அப்படித்தான்: பல வண்டிக்குக் காயிலுக்கு 40, 50 மில்லி. உங்க வண்டி அளவு அதோட புத்தகத்துல இருக்கும்.

பீனிக்ஸ் ஸ்பேனர்:
பழைய காயிலைக் கவிழ்த்து வடிச்சு அளந்தா ஆகாதா?

லெனேசியா மாமா:
துடுப்புக்குள்ள ஒட்டினது வடியாது தம்பி.

டர்பன் காத்து:
ஆக கேஜ் தப்பு, தராசு சரி, வடிச்சு அளந்தா தப்பு. எல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். 29.

லெனேசியா மாமா:
என்3 நெடுஞ்சாலையில ஏறி, மேட்டுல இருக்கிற பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் போய் வேக்கம் போடுங்க ஐயா. அங்கேயே 2 அங்குலம் குறையும். அப்ப எந்த ஓரிங்கைக் குத்தம் சொல்வீங்க?