16 பேர்ச் வளவில் மூன்று பெண்பிள்ளைகளுக்கு வீடு: மட்டக்களப்புக்குத் தொடர்மாடி சரிவருமா?

கல்லடியான்:
மட்டக்களப்பு கல்லடியில் எனக்கு 16 பேர்ச் வளவு ஒன்று உள்ளது, பெண்பிள்ளைகள் மூவர். நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆனால் நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிப்படி காணித்துண்டு 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது என்பதால், பாதைக்கு விட்டது போக இரண்டு துண்டுகளே தேறுகின்றன. இந்நிலையில் கொழும்பிலிருந்து வந்த கட்டட ஒப்பந்தகாரர் ஒருவர், வளவைக் கொடுத்தால் ஐந்து மாடியில் பத்து வீடுகள் கட்டி மூன்றை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். இது நமக்குச் சரிவருமா?

வாவிக்கரை:
சரிவராது ஐயா. கொழும்பு வெள்ளவத்தையில் ஏழு ஆண்டுகள் ஆறாம் மாடியில் வாடகைக்கு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே மின்தூக்கி பழுதானபோது, மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தைப் பாதிப் பேர் கட்டாமல் விட்டிருந்தது தெரியவந்தது; அவர்களில் பலர் வெளிநாட்டில் இருந்தார்கள். நிலுவைக்காரரின் வீட்டிலக்கங்களை மின்தூக்கிக் கதவிலேயே ஒட்டினார்கள். அந்தக் கதவு நான்கு மாதம் திறக்கவில்லை. முழங்கால் வலியுள்ள என் தாயார் அந்த நான்கு மாதமும் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

அதைவிடப் பெரிய கவலை நிலத்தின் தன்மை. கல்லடி என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல். சில அடி தோண்டினாலே கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது. அதே மணலில் பத்து வீட்டு மலக்குழியை இறக்கினால் உங்கள் கிணறு மட்டுமல்ல, அயல் வளவுக் கிணறுகளும் கெடும். குழாய்நீர் இருக்கிறதே என்பீர்கள். குடிக்க அது போதும். குளிக்கவும் மரங்களுக்கு ஊற்றவும் நம்மவர்கள் இன்னும் கிணற்றைத்தானே நம்புகிறார்கள்? கடற்காற்றின் உப்பு கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியை என்ன செய்யும் என்பதை, கரையோரம் பிளந்து நிற்கும் பழைய தூண்களைப் பார்த்தாலே தெரியும்.

சாய்ந்தமருது வாசி:
பத்து வீட்டுக் கழிவு பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் மாடி வாழ்க்கையே நமக்கு ஒவ்வாது என்பதை ஏற்க முடியாது. கிழக்கே கடல், மேற்கே வயல் என்று ஒடுங்கிய எங்கள் ஊரில் பக்கவாட்டில் போக இடமில்லாமல் எப்போதோ மேலே போகத் தொடங்கிவிட்டோம். காத்தான்குடியிலும் அதே நிலைதான். எங்கள் வாப்பா கட்டிய வீட்டின் கீழ்த்தளம் மூத்த தங்கைக்கு, மேல்தளம் இளையவளுக்கு. படி வெளிப்புறமாக ஏறுகிறது, மின்மானியும் இரண்டு. ஆனால் உறுதி, அதாவது காணிப் பத்திரம், ஒன்றுதான், அது மூத்தவளின் பெயரில் இருக்கிறது. மேல்வீட்டுக் கூரையைத் திருத்த இளையவள் வங்கியில் கடன் கேட்டபோது, ஈடுவைக்க உங்கள் பெயரில் எதுவும் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபது வருடம் குடியிருந்த வீட்டில் அவளுக்குச் சொந்தமென்று காட்ட ஒரு தாளும் இல்லை.

இதற்கான வழி மாடிவீட்டு உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ளது. கட்டடத்தைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்துக் காட்டி நில அளவையாளர் வரையும் கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டால், ஒவ்வொரு அலகுக்கும் தனி உறுதி எழுதலாம், தனியாக ஈடுவைக்கலாம். படி, கூரை, தண்ணீர்த் தாங்கி முதலியன பொதுக்கூறுகளாகும். ஒவ்வோர் அலகுக்கும் ஒரு பங்குப் பெறுமதி குறிக்கப்படும். உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்த முகாமைக் கூட்டுத்தாபனம் அந்தப் பங்கின்படி செலவை அறவிடும். இச்சட்டத்தைப் பயன்படுத்தப் பத்து வீடும் மின்தூக்கியும் வேண்டியதில்லை. கல்லடியான் ஐயா ஒப்பந்தகாரரை விட்டுவிட்டு, மூன்று தளத்தில் மூன்று அலகுகளைத் தாமே கட்டிப் பதிவு செய்யலாம்.

கனடாவில் ஒரு களுவாஞ்சிக்குடியான்:
ஒப்பந்தகாரரை அவ்வளவு எளிதில் தள்ளிவிடாதீர்கள். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, இரட்டைக் குடியுரிமை எடுக்காத என் போன்றவர்கள் ஊரில் காணி வாங்க முடியாது. மாடிவீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு; முழு விலையையும் வெளிநாட்டிலிருந்து அனுப்ப வேண்டும். ஊரில் ஒரு வீடு வேண்டும் என்று ஏங்கும் எங்களுக்குத் திறந்திருக்கும் கதவு அதுதான். அந்தப் பணம் மட்டக்களப்புக்குள் வருவதில் யாருக்கு நட்டம்?

வாவிக்கரை:
ஊரில் வாழப்போகும் பிள்ளைகளுக்கு நட்டம், அண்ணன். நீங்கள் ஆண்டில் இரண்டு கிழமை வந்து தங்கும் வீட்டுக்கு மாதந்தோறும் யார் பராமரிப்புக் கட்டணம் கட்டுவது? அதோடு, டொலரில் விலை பேசுகிறவர் வந்துவிட்டால், ஆசிரியர் சம்பளத்தில் மகளுக்கு வீடு தேடுகிற தகப்பன் எங்கே போவார்?

சாய்ந்தமருதுக் காக்காவின் மூன்று அலகு யோசனை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கொழும்பில் கட்டணம் கட்டாதவர் அந்நியர், கடிதம் அனுப்பலாம். இங்கே கட்டாதவர் தங்கையின் கணவர். மழை ஒழுகும் கூரைக்குக் கீழ்வீட்டுக்காரரிடம் பங்கு கேட்டு எந்த மச்சான் கடிதம் எழுதுவார்?

இன்னொன்று. "எனக்கு 16 பேர்ச் வளவு" என்று ஐயா எழுதியிருக்கிறார். உறுதி யார் பெயரில் இருக்கிறது? கல்லடியில் ஆண்பிள்ளைக்கு வளவு வந்த கதையை நான் அதிகம் கேட்டதில்லை.

சாய்ந்தமருது வாசி:
மச்சான் கடிதம் எழுதமாட்டார், உண்மை. அதனால்தான் பங்கைச் சட்டமே எழுதி வைத்திருக்கட்டும் என்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் பேச்சும் இல்லை, பங்கும் இல்லை; கூரை மட்டும் ஒழுகுகிறது.

கல்லடியான்:
வாவிக்கரை சரியாகப் பிடித்துவிட்டார். வளவு என் மனைவியின் சீதனம். உறுதி அவர் பெயரிலேயே உள்ளது. ஒப்பந்தகாரரோடு மூன்று முறை பேசிய நான் மனைவியிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதை நேற்று இரவுதான் உணர்ந்தேன். இந்த விவாதம் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பத்து வீட்டுத் திட்டத்தைக் கேட்டதும் "பின்வளவுக் கிணறு எங்கே போகும்?" என்று ஒரே கேள்வியோடு முடித்துவிட்டார். மூன்று அலகு என்றதும் சற்று நேரம் யோசித்து, கீழ்த்தளம் மூத்தவளுக்கு என்று இப்போதே எழுதக்கூடாது, நாங்கள் இருவரும் படியேற முடியாத காலத்தில் யாரோடு இருக்கப்போகிறோமோ அவளுக்கே அது என்றார். மூத்தவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தகாரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நில அளவையாளரை இன்னும் அழைக்கவில்லை.