ஜாவா 8-க்குத்தான் கம்பைல் செய்தேன், ஆனாலும் சர்வரில் நோசச்மெத்தட்எரர்: உதவி தேவை

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. என் லேப்டாப்பில் உபுண்டு, ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) 21. கிளையண்ட்டிடம் இருப்பது பழைய விண்டோஸ் சர்வர், அதில் ஜாவா 8 மட்டும்தான். மாற்றச் சொல்லிப் பார்த்தாயிற்று, நடக்காது. அதனால் ஜாவா கம்பைலரான ஜாவாசி-க்கு -சோர்ஸ் 8 -டார்கெட் 8 கொடுத்துத்தான் கம்பைல் செய்கிறேன். புரோகிராம் ஒழுங்காகவே ஸ்டார்ட் ஆகிறது. சாக்கெட்டில் முதல் மெசேஜ் வந்ததும் பைட்பஃபர் (பைட்களைத் தற்காலிகமாக வைக்கும் க்ளாஸ்) ஃபிளிப் வரியில் நோசச்மெத்தட்எரர், அதாவது அப்படி ஒரு மெத்தடே இல்லையாம்! ஃபிளிப் ஜாவா 1.4 காலத்து மெத்தட் ஆயிற்றே. அதே ஜார் (கம்பைல் ஆன க்ளாஸ்களின் தொகுப்பு ஃபைல்) லேப்டாப்பில் ஓடுகிறது. விண்டோஸ்தான் பிரச்சினையா?

பதில் 1:
விண்டோஸ் பாவம், விட்டுவிடுங்கள். உபுண்டுவிலேயே ஜாவா 8 போட்டு ஓட்டினாலும் இதே எரர்தான் வரும்.

-டார்கெட் 8 க்ளாஸ் ஃபைலின் வெர்ஷன் எண்ணை 52 ஆக்கும். அதனால்தான் ஜாவா 8 அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மெத்தடுகளைத் தேட கம்பைலர் பார்ப்பது உங்கள் ஜேடிகே 21-இன் லைப்ரரியை. ஜாவா 8-ல் ஃபிளிப் இருப்பது பஃபர் க்ளாஸில், அது தருவதும் பஃபர். ஜாவா 9-லிருந்து பைட்பஃபரே அதை ஓவர்ரைடு செய்து பைட்பஃபரைத் தருகிறது. கம்பைலர் எழுதித் தரும் பைட்கோடில் மெத்தட் பெயரோடு ரிட்டர்ன் டைப்பும் பதிவாகும். ஆக, சர்வர் தேடுவது பைட்பஃபரைத் தரும் ஃபிளிப்பை, அப்படி ஒன்று அங்கே கிடையாது. கிளியர், லிமிட், பொசிஷன், ரீவைண்ட் எல்லாவற்றுக்கும் இதே கதி.

கம்பைல் செய்யும்போது பூட்ஸ்ட்ராப் க்ளாஸ் பாத் பற்றி ஒரு வார்னிங் வருமே, அது இதற்காகத்தான். அந்த இரண்டு ஆப்ஷனையும் எடுத்துவிட்டு --ரிலீஸ் 8 கொடுங்கள். ஜேடிகே 9-ல் வந்த வசதி இது, பழைய வெர்ஷன்களின் மெத்தட் பட்டியலை கம்பைலரே கையில் வைத்திருக்கும். 8 பழசாகிவிட்டது என்று 21 முணுமுணுக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

கேட்டவர்:
--ரிலீஸ் 8 கொடுத்துப் பார்த்தேன், நன்றி! ஆனால் இப்போது கம்பைலே ஆகவில்லை. லிஸ்ட்.ஆஃப், ஸ்ட்ரிங்கின் இஸ்பிளாங்க் இரண்டும் இல்லை என்கிறது. இவை இதுவரை எப்படித் தப்பின?

பதில் 1:
லிஸ்ட்.ஆஃப் ஜாவா 9-ல் வந்தது, இஸ்பிளாங்க் 11-ல். புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் ஒரு மெத்தடைத் தேடுவது பெரும்பாலும் அந்த வரி ஓடும்போதுதான். அந்த வழிக்குப் புரோகிராம் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். கம்பைலரிடமே மாட்டியது நல்லது. அரேஸ்.ஆஸ்லிஸ்ட், ட்ரிம் செய்து இஸ்எம்ப்டி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். இதே எரர் மறுபடி வந்தால் ஸ்டாக் டிரேஸில் (எரரோடு வரும் மெத்தட் அழைப்புப் பட்டியல்) கூப்பிட்டது யார் என்று பாருங்கள். வெளியார் லைப்ரரி என்றால் உங்கள் --ரிலீஸ் அதைத் தொடாது, ஏற்கெனவே கம்பைல் ஆன ஜார் அது. ஜாவா 8-க்கான அதன் பழைய வெர்ஷனைத்தான் தேட வேண்டும். அப்புறம், லேப்டாப்பில் ஒரு ஜாவா 8-ம் போட்டு டெஸ்ட்களை அதில் ஓட்டிவிட்டு சர்வருக்கு அனுப்புங்கள்.