34 வயசில் தாடைப் பரு: சிவப்பு ஒளி மாஸ்க் வாங்கலாமா, பேனல் வாங்கலாமா?

இளவேனில்34

வணக்கம். முகவாயிலும் தாடை ஓரத்திலும் மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னாடி சிவந்து, தொட்டால் வலிக்கிற பரு வருது. நெற்றி சுத்தமா இருக்கு. பரு அமுங்கினாலும் கறுப்புத் தடம் மாசக்கணக்கில் நிற்குது. மாநிறம். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த அடாபலீன் 0.1% ஜெல் ராத்திரி போடுறேன்.

ஆன்லைனில் தேடினதில் மூணு சாமான் கண்ணில் பட்டது: ஏழு நிறம் மாறுற எல்.இ.டி. மாஸ்க், 660/850 என்று போட்ட பேனல், அப்புறம் மூட்டுவலிக்குக் காட்டுற சிவப்பு பல்பு விளக்கு. விலையில் பெரிய வித்தியாசம். பருவுக்கு எது சரி? எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம்? ஜெல்லை நிறுத்தணுமா?

ஒளிமானி

மூன்றாவதை முதலில் கழித்துவிடுங்கள். வலிக்குக் காட்டும் அந்த விளக்கு பெரும்பாலும் 150 வாட் இழை பல்பு. சிவப்புக் கண்ணாடி வெறும் வடிகட்டி. வெளியே வருவதில் பெரும்பகுதி அகச்சிவப்பு வெப்பம். தசைக்கு அது வேண்டும், முகத்துக்கு வேண்டாம். முகத்தில் தொடர்ந்து காட்டினால் தோல் சிவக்கும், மங்கு இருந்தால் கூடும், நாள்பட்டால் வலை போன்ற பழுப்புத் தடம்கூட விழும். நீங்கள் ஏற்கெனவே தடத்தோடு போராடுகிறீர்கள்.

இனி சிவப்பு ஒளி என்ன செய்கிறது என்று. பருவில் பங்கு கொள்ளும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி போர்பிரின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அது 415 நானோமீட்டர் சுற்றிய நீல ஊதா ஒளியை நன்றாக விழுங்கும் (இது ஒளியின் அலைநீளம்; பேனலில் போட்ட 660, 850-உம் இதே கணக்குதான்). அப்போது உண்டாகும் வீரியமான ஆக்சிஜன் கிருமியையே தாக்கும். சிவப்பை அது குறைவாகத்தான் விழுங்குகிறது. ஆனால் சிவப்பு தோலுக்குள் நீலத்தைவிட ஆழமாக இறங்கும்; அங்கே அதன் முக்கிய வேலை அழற்சியைத் தணிப்பது என்றே கருதப்படுகிறது. ஆகவே சிவந்து வீங்கிய பருவில் பலன் எதிர்பார்க்கலாம். துளை அடைப்பை எடுக்க உங்கள் அடாபலீன்தான் நம்பகமான ஆள். நிறுத்தவே கூடாது.

ஆய்வுகள் உண்டு, ஆனால் சிறியவை. 2000-இல் பிரிட்டனில் 107 பேரிடம் நடந்ததில் 415 நீலமும் 660 சிவப்பும் சேர்த்து தினம் 15 நிமிடம் காட்டினார்கள். 12 வாரத்தில் அழற்சிப் பரு சராசரியாக 76% குறைந்தது. தனி நீலத்தைவிடவும் பருவுக்குப் பூசும் 5% பென்சாயில் பெராக்சைடு கிரீமைவிடவும் அது மேல். சிவப்பு மட்டும் என்றால் 2007 கொரிய ஆய்வு: 28 பேர், முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் ஒளி, மறுபாதி ஒப்பீட்டுக்கு. ஒளி பட்ட பாதியில் தெளிவான முன்னேற்றம். மறுபக்கம், 2016-இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 71 ஆய்வுகளை அலசிவிட்டு, பெரும்பாலானவற்றின் தரம் உறுதியான முடிவுக்குப் போதாது என்றது. ‘பருவை ஒழிக்கும்’ என்று விற்பவரும் ‘சுத்த ஏமாற்று’ என்பவரும் இதையெல்லாம் படித்தவர்களாகத் தெரியவில்லை.

அந்தக் கொரிய ஆய்வின் கணக்கைப் பாருங்கள், வாங்கும்போது உதவும். கருவியின் பலம் சதுர செ.மீ.க்கு வெறும் 6 மில்லிவாட். 15 நிமிடம் என்றால் 900 விநாடி; 6 × 900 ÷ 1000 = சதுர செ.மீ.க்கு 5.4 ஜூல் (தோலில் விழும் ஒளி ஆற்றல்). தினம் இருமுறை, 8 வாரம்: மொத்தம் 604.8 ஜூல். மிதமான ஒளி, விடாமல் காட்டியது, அவ்வளவுதான். ‘எங்கள் பேனல் 200 மில்லிவாட்’ என்ற விளம்பரத்தில் மயங்க ஒன்றுமில்லை. பல விற்பனையாளர்கள் சூரிய ஒளி அளக்கும் மலிவு மீட்டரை எல்.இ.டி. முன் பிடித்து எண் எடுக்கிறார்கள். அது வெயிலின் பரந்த நிறமாலைக்கு அளவு செய்த மீட்டர். 660-இல் கூட்டித்தான் காட்டும். ‘300 வாட் பேனல்’ என்பதும் உங்கள் தோலில் விழும் அளவைச் சொல்லாது.

ஏழு நிற மாஸ்க் பற்றி: விலை குறைந்தவற்றில் இருப்பது டி.வி. அலங்காரப் பட்டையில் வருகிற அதே மூவண்ண எல்.இ.டி. வகை. அதன் சிவப்பு 620–630 சுற்றி இருக்கும், பரவாயில்லை, ஆனால் பலம் குறைவு. அதன் நீலம் 465 பக்கம். போர்பிரின் கேட்கும் 415-க்கு எட்டாத தூரம். பச்சை, மஞ்சள், வெளிர்நீலம் எல்லாம் பருவுக்குப் பொருட்டே இல்லை. அலைநீளமும், எந்தத் தூரத்தில் எத்தனை மில்லிவாட் என்பதும் பெட்டியில் எழுதாத மாஸ்க்கை வாங்காதீர்கள்.

நல்ல 630 அல்லது 660 மாஸ்க் முகத்தை ஒட்டி இருப்பதால் தூரக் கணக்கே இல்லை. 10 நிமிடம், வாரம் 4–5 நாள் போதும். பேனல் என்றால் தயாரிப்பாளர் தரும் தூர அட்டவணையைப் பாருங்கள். 30 செ.மீ.யில் 30 மில்லிவாட் என்று இருந்தால் 6 நிமிடத்துக்கு 10.8 ஜூல் வரும். அங்கேயே தொடங்கலாம். இரட்டிப்பு நேரம் காட்டினால் இரட்டிப்புப் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஓர் அளவுக்கு மேல் போனால் பலன் குறையவும் செய்யும். தாடைதான் பிரச்சினை என்பதால் முகத்தைச் சற்று நிமிர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒளி முழுக்க நெற்றியிலும் மூக்கிலும் விழும்.

பார்மசி_மேசை

மேல சொன்னது சரி. ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லணும்: மாநிறம், கருநிறம் இருக்கிறவங்க நீல ஒளிப் பக்கம் போறதுக்கு முன்னாடி யோசிங்க. 2014-ல வந்த ஒரு ஆய்வுல 415 ஒளியையும் 630 ஒளியையும் தோல்ல காட்டி ஒப்பிட்டாங்க. 415 பட்ட இடம் நல்லா கறுத்து வாரக்கணக்கில நின்னுச்சு. 630 பட்ட இடத்துல கறுப்பே ஏறல. பிரிட்டன் ஆய்வுல நீலமும் சிவப்பும் சேர்ந்து ஜெயிச்சது உண்மைதான், ஆனா உங்களுக்குப் பருவைவிடத் தடம்தானே பெரிய தலைவலி. சிவப்பு மட்டும் போதும். மாஸ்க்ல நீலம் தனி பட்டன்னா தொடாதீங்க.

ஜெல்லோட வரிசை: சாயங்காலம் மென்மையான ஃபேஸ்வாஷ், துண்டால ஒத்தி எடுத்து முழுசா காய விடுங்க. சன்ஸ்கிரீன், மேக்கப் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, ஒளியைத் தடுக்கும். அப்புறம் ஒளி. முடிஞ்சு தோல் சூடு ஆறினதும் பட்டாணி அளவு அடாபலீன் முழு முகத்துக்கும், மேல மாய்ஸ்சரைசர். ஜெல்லைப் பூசிட்டு மேல மாஸ்க் மாட்டினா வேர்வையும் சூடும் சேர்ந்து எரிச்சல் எடுக்கும். ‘ஒளி ஒத்துக்கல’ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் செய்யறது இதுதான்.

காலையில சன்ஸ்கிரீன் கட்டாயம். தடம் இருக்கிறவங்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறம் உள்ள சன்ஸ்கிரீன் நல்லது. கண்ணுக்குத் தெரியுற ஒளியையும் அதுதான் தடுக்கும். வெள்ளை சன்ஸ்கிரீன் பெரும்பாலும் புற ஊதாவோட நின்னுடும்.

கண்ணை விளையாட்டா எடுத்துக்காதீங்க. 2019-ல நியூட்ரோஜீனா அவங்க பரு ஒளி மாஸ்க்கையே சந்தையில இருந்து திரும்ப எடுத்தாங்க. விழித்திரை நோய் மாதிரி சில கண் கோளாறு இருக்கிறவங்களுக்கும், கண்ணுல ஒளிக்கூச்சம் கூட்டுற மருந்து சாப்பிடுறவங்களுக்கும் ஆபத்து வரலாம்ங்கிற எச்சரிக்கையால. கண் மூடிக்கிட்டா போதாது, ஒளி புகாத கண்ணாடி போடுங்க. லூபஸ், போர்பிரியா மாதிரி வெளிச்சம் ஒத்துக்காத நோயோ வலிப்போ இருந்தா டாக்டரைக் கேக்காம தொடங்க வேண்டாம். இன்னொண்ணு, குழந்தைக்குத் திட்டமிடுறீங்கன்னா அடாபலீனைப் பத்தியும் டாக்டர்கிட்ட பேசிடுங்க.

இளவேனில்34

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். பேனல் படத்தில் பாதி எல்.இ.டி. எரியாத மாதிரி இருக்கு, பழுதா? டாக்டர் அடுத்து டாக்சிசைக்ளின் (ஆன்டிபயாடிக்) தரலாம்னு சொன்னார், அதோட ஒளி காட்டலாமா?

ஒளிமானி

பழுதில்லை. 850 கண்ணுக்குத் தெரியாது. செல்போனின் முன்பக்க கேமராவில் பாருங்கள், மங்கிய ஊதாவாகத் தெரியும். 660-ஐ மட்டும் தனியாக எரியவிடும் சுவிட்ச் உள்ள பேனலை எடுங்கள். பருவுக்கு 850 தேவையில்லை. தடம் விழுகிற தோலுக்குக் கூடுதல் சூடு வேறு எதற்கு?

டாக்சிசைக்ளின் கூசவைப்பது முக்கியமாக வெயிலின் புற ஊதா ஏ கதிருக்கு. சிவப்பு எல்.இ.டி.யில் அது இல்லை. ஆனாலும் மருந்து தொடங்கும்போது ஒளியும் காட்டுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எரிச்சல் எதனால் என்றே தெரியாது.

கருப்பட்டி

எல்லாரும் விளக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். தாடை, முகவாய், மாதவிடாய்க்கு முன் என்று மூன்றும் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹார்மோன். மாதவிடாய் தள்ளிப் போகிறதா, முகவாயில் முடி வளர்கிறதா, உச்சியில் முடி கொட்டுகிறதா? இருந்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) உண்டா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெண்களின் இந்த வகைப் பருவுக்கு ஸ்பைரோனோலாக்டோன், கூட்டு கருத்தடை மாத்திரை என்று வேரைத் தொடும் மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் பார்த்துத் தர வேண்டியவை. பேனலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியை அந்த ஆலோசனைக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம். சுழற்சி தோறும் புதுப் பரு கிளம்புகிற வரை ஒளி பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கூடவே, வீட்டில் இருக்கும் சிவப்பழகு கிரீம், ‘தடம் போக்கும்’ கிரீம் எல்லாவற்றின் டியூபையும் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்டால் பளிச்சென்று தெரியும், பிறகு அதுவே பருவைக் கிளப்பும். அந்தப் பரு எந்த ஒளிக்கும் அடங்காது. டாக்டர் சொல்படி அந்தக் கிரீமை விலக்க வேண்டும், திடீரென நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: நெற்றியிலும் நெஞ்சிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை, பரு அல்ல. தோலுக்கடியில் கோலிக்குண்டு போல் உருண்டு வலிக்கும் கட்டி என்றால் மாஸ்க்கோடு காலம் கடத்தாதீர்கள், குழித் தழும்பு விழுந்துவிடும்.

பார்மசி_மேசை

@கருப்பட்டி முழுக்க ஏத்துக்கிறேன். இன்னொரு குழப்பமும் இங்க அடிக்கடி வருது: கிளினிக்ல ஒரு மருந்தைப் பூசி ஊற வெச்சு அதுமேல சிவப்பு ஒளி காட்டுற சிகிச்சை வேற. அதுல பூசுற அமினோலெவுலினிக் அமிலம் தோலுக்குள்ள போர்பிரினா மாறி ஒளியை விழுங்கும். வலி, சிவப்பு, தோல் உரியறது எல்லாம் உண்டு, மாநிறத்துக்குக் கறுப்பு ஏறவும் வாய்ப்பிருக்கு. அதோட முன்-பின் படத்தைப் போட்டு மாஸ்க் விக்கிறவங்க இருக்காங்க. மாஸ்க்கால அந்த அளவு மாற்றம் வராது.

ஒளிமானி

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஒரே ஜன்னல், ஒரே நேரம், இரு பக்கத் தாடைக்கும் படம். வாரா வாரம் ஒப்பிடாதீர்கள், உங்கள் விஷயத்தில் சுழற்சியே எண்ணிக்கையை ஏற்றி இறக்கும். போன மாதம் மாதவிடாய்க்கு முந்திய வாரத்தை இந்த மாதம் அதே வாரத்தோடு வையுங்கள். சிவந்த பருக்களை மட்டும் எண்ணுங்கள், பழைய தடத்தைச் சேர்க்காதீர்கள். அது தன் போக்கில் மெல்லத்தான் மங்கும். 12 வாரத்தில் அந்த எண்ணிக்கை அசையவில்லை என்றால் நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கும் வசதி இருந்தால் கொடுத்துவிடுங்கள். அதனால் அந்தக் கெடு எத்தனை நாள் என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பல கடைகளில் அது 12 வாரத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

சிலிக்கோன் மாஸ்க் என்றால் உள்பக்கத்தை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்துக் காய வையுங்கள். வேர்வையும் எண்ணெயும் படிந்த விளிம்பு தாடையில் உரசுகிற அதே கோட்டில் புதுப் பரு வரிசையாக வந்தால் பட்டையைத் தளர்த்துங்கள். அப்படியும் வந்தால் பேனல்தான் வழி.