வால்பாறைக்கு பைக்குல போறீங்களா, அந்த சிவப்பு லைட்டைப் பத்தி தெரிஞ்சுக்கிட்டுப் போங்க

பொள்ளாச்சில இருந்து வால்பாறை சுமாரா 65 கிலோமீட்டர்தான், மேப்புல ரெண்டு மணி நேரம்னு காட்டும், அதை நம்பி பிளான் போடாதீங்க. ஆழியார் தாண்டுனதும் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட், ஆழியார் டேம் மொத்தமும் காலடில தெரியும், அங்க வண்டிய நிறுத்தாமப் போக யாருக்கும் மனசு வராது. நாங்க போனப்ப பாறைச் சரிவுல வரையாடு குட்டியோட மேஞ்சிட்டு இருந்துச்சு, அப்புறம் ரோட்டோர சுவர் கிட்டயே வந்து நின்னுச்சு, நம்ம மாநில விலங்கை இவ்ளோ பக்கத்துல பாத்ததுல அப்படி ஒரு சந்தோஷம். தயவுசெஞ்சு அதுங்களுக்கு சிப்ஸ் பிஸ்கட்னு எதுவும் நீட்டாதீங்க.

அட்டகட்டி தாண்டி கவர்க்கல்ல பனிமூட்டம், மத்தியானத்துலயே முன்னாடி போற பஸ்ஸோட பின் லைட் மட்டும்தான் தெரிஞ்சுது. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குங்க ரோட்டைத் தாண்டும், அதுங்களுக்காக மரத்துக்கு மரம் பாலம் மாதிரி கட்டி விட்டிருக்காங்க, அங்க மெதுவாப் போங்க.

நான் முக்கியமா சொல்ல வந்தது யானை விஷயம். சோலையார் டேம் பாத்துட்டு திரும்பறப்ப பொழுது சாஞ்சிருச்சு, எஸ்டேட் ஓரமா ஒரு டீக்கடைல நின்னோம். கிளம்பலாம்னு ஹெல்மெட்டை எடுத்தா கடைக்கார அக்கா, "தம்பி, அங்க சிவப்பு லைட்டு எரியுது பாருங்க, யானை பக்கத்துல எங்கயோ நிக்குது, செத்த இருந்துட்டுப் போங்க"ன்னாங்க. அங்கங்க கம்பத்துல அந்த லைட்டை வச்சிருக்காங்க, யானையப் பாத்தவங்க போன் மூலமாவே எரிய வச்சிடலாம், ஊர்க்காரங்களுக்கு மெசேஜும் போகுமாம். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன்காரங்களும் வனத்துறையும் ஊர் ஜனங்களும் சேர்ந்து நடத்துற ஏற்பாடு இது. ஒரு காலத்துல முழுக்க காடா இருந்ததை வெட்டித்தான் தேயிலை போட்டது, யானைங்க இன்னும் அதே வழிலதான் நடக்குது, மிச்சம் இருக்குற சோலைக்கும் ஆத்தோரத்துக்கும் போக அதுங்களுக்கு வேற பாதை இல்ல. கொஞ்ச நேரத்துல தேயிலைக்கு நடுவுல குட்டியோட ஒரு கூட்டம் இறங்கி, நாங்க போக வேண்டிய அதே ரோட்டைத் தாண்டிப் போச்சு. அந்த அக்கா சொல்லலைன்னா நேரா அதுங்க முன்னாடி போய் நின்னிருப்போம். அப்புறம் வந்த பஸ் பின்னாடியே ஒட்டிக்கிட்டு ரூமுக்கு வந்து சேந்தோம்.

2025 பிப்ரவரில இதே பொள்ளாச்சி ரோட்டுல பைக்குல வந்த ஒரு ஜெர்மன்காரர், யானை நின்னப்ப தாண்டிப் போகப் பாத்து உயிரை விட்டுட்டாரு, அந்த வீடியோவ பாத்தவங்களுக்குத் தெரியும் எவ்ளோ கண நேரத்துல நடந்துச்சுன்னு. யானை நின்னா தூரத்துலயே வண்டிய நிறுத்திடுங்க, ஹாரன் வேணாம், திரும்பிப் போற அளவுக்கு இடம் விட்டு நில்லுங்க, அது போற வரைக்கும் நாம காத்திருக்கணும், அவ்ளோதான்.

அதனால பிளான் போடறப்ப காலைல சீக்கிரம் ஆழியார்ல இருந்து ஏறிடுங்க, இருட்டறதுக்குள்ள ரூம் போய்ச் சேரணும். டேங்க்கை பொள்ளாச்சிலயே ஃபுல் பண்ணிக்கோங்க. இறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே வாங்க, பிரேக்க மட்டும் நம்பாதீங்க, ஏறி வர்ற பஸ்ஸுக்கு வளைவுல முழு ரோடும் வேணும், நின்னு வழி விடுங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை வெளுத்து வாங்கும், முதல் தடவை போறவங்க அந்த மாசங்களை விட்டுடுறது நல்லது.

அடுத்து மளுக்கப்பாறை, வாழச்சால் வழியா அதிரப்பள்ளி இறங்கலாம்னு இருக்கோம், சமீபத்துல அந்தக் காட்டு ரோட்டுல பைக்குல போனவங்க இருந்தா ரோடு எப்படி இருக்கு, செக்போஸ்ட்ல பைக்கை எத்தனை மணி வரைக்கும் விடறாங்கன்னு சொல்லுங்க.